மேட்டுக்கடையூர்த் தொகுதியின் மஞ்சள் கரு

மேட்டுக்கடையூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே, புளியமரத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், தள்ளுவண்டியில் ஆஃப்பாயிலும் கலக்கியும் ஆம்லெட்டும், கூடவே டீயும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மயிலாத்தாள், கார்த்திகை மாதத்து ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குத் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டையின் கரு பச்சையாக இருந்தது. கெட்டுப்போன முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிற மூக்கு அவளுக்கு. குனிந்து முகர்ந்து பார்த்தாள், ஒரு குற்றமும் இல்லை. இன்னொன்றை உடைத்தாள், பச்சை. அட்டையில் மிச்சமிருந்த இருபத்தாறையும் அவள் உடைத்து முடிப்பதற்குள், சத்துணவுக்கூடத்தில் அவித்த முட்டையைக் கடித்த பிள்ளைகள் “கிளி முட்டை, கிளி முட்டை” என்று கத்திய செய்தியும், பேக்கரியில் கேக்குக்கு முட்டை அடித்தவர் அதைப் பிஸ்தா கேக் என்று பெயர் மாற்றி விற்றுவிட்ட செய்தியும் வந்து சேர்ந்துவிட்டன. கிரயப் பத்திரத்துக்குக் காலையிலிருந்து காத்துக் கிடந்த ஒருவர், பசி தாங்காமல், “நெறம் என்னமோ இருந்துட்டுப் போகுதுங்கக்கா, மொளகுத்தூள் போடுங்க” என்று தட்டை நீட்டித் தின்றார். ருசி அதேதான் என்றார். மறுநாள் விடிந்தபோது எல்லா முட்டையும் பழையபடி மஞ்சள்.

கோழிப் பண்ணைகளை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதால் மிருக வைத்தியர் வந்தார், தீனி மில்காரர் வந்தார், சாமியாடியும் வந்தார், மூவரும் ஆளுக்கொரு ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். காரணத்தைச் சொன்னவர் வக்கீல் குமாஸ்தா சென்னியப்பன். மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி நாடாளுமன்ற நேரலையைச் செல்போனில் பார்க்கிற மனிதர் அவர், வீட்டில் அதற்காகத் திட்டும் வாங்குகிறவர். மூன்றாவது தடவை கரு நிறம் மாறிய அன்று, செல்போனையும் தோசைக்கல்லையும் மாறி மாறிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அம்மிணி, உன்ற தம்பி அங்க பச்சைப் பொத்தானை அமுக்குனா இங்க முட்டை பச்சையாவுது. மசோதாவுக்கு ஆமான்னு அர்த்தம். இல்லைன்னு அமுக்குனா செவப்பாவும் பாரு.”

“அவன் ரெண்டையும் அமுக்காட்டி?”

“மஞ்சள்.”

“போகவே இல்லீன்னா?”

“அதுக்கும் மஞ்சதான்” என்றார் சென்னியப்பன். “வராதவனுக்கும் வாயைத் தொறக்காதவனுக்கும் கோழி வித்தியாசம் பாக்கறதில்ல போல.”

மயிலாத்தாளின் ஒரே தம்பி மாரப்பன்தான் அந்தத் தொகுதியின் எம்.பி. தாய் தகப்பன் போனபிறகு அவனை ஆஃப்பாயில் போட்டே காலேஜ் வரை படிக்கவைத்தவள் அவள். ஆளுங்கட்சியில் சேர்ந்தான், சீட்டு கிடைத்தது, நின்றான். தேர்தலில் மாரப்பன் பேசியதைவிட அவனுக்காக மயிலாத்தாள் பேசியதுதான் அதிகம். அப்போதே ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து வறண்டு கிடக்கிற ஏரியை ஏரி என்று சொல்லக்கூடாது, நிலம் என்று சொல்லிக் குத்தகைக்கு விடலாம் என்று டெல்லியில் ஒரு சட்டம் வரப்போகிறதாம். மேட்டுக்கடையூரின் பெரியேரி வறண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏரி போனால் சுற்றுவட்டாரத்துக் கிணறெல்லாம் போச்சு. எனவே அவள் வாசல் வாசலாகப் போய், “என்ற தம்பி அதுக்கு ஆமான்னு சொன்னான்னா, நீங்க வந்து என்ற அடுப்பை அணைச்சுப் போடுங்க, நான் மறுபடி பத்தவைக்க மாட்டேன்” என்று சொன்னாள். நானூறு வாசலில் சொன்னாள், நானூறிலும் மனதாரச் சொன்னாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு அடுப்புதான்.

முட்டை அதிசயம் தொகுதி எல்லையோடு நின்றுவிட்டது. ஒரு வாக்கெடுப்பு நாளன்று டோல்கேட் பக்கம் பஞ்சராகி நின்ற முட்டை லாரியில், எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த பின்பாதி பச்சை, அந்தப் பக்கம் இருந்த முன்பாதி மஞ்சள் என்று டிரைவர் சத்தியம் பண்ணினார். வெளியூருக்குப் போன முட்டைகளைப் பற்றி ஒரு புகாரும் வராததால் பண்ணைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஊர் மெல்ல அதற்குப் பழகியது. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தேதியைப் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்துக்கொண்டு அதை ஒதுக்கி முட்டை பிரியாணி விருந்து வைத்தார்கள். மதியம் குழம்புக்கு முட்டை உடைக்கிற பெண்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஏனுங்க, உங்கூட்ல என்ன கலரு?” என்று கேட்டுக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் ஒரே நிறம்தான் என்று தெரிந்தும் கேட்டார்கள். நிறம் தெரிந்தால் போதுமா, எதற்கு அந்த நிறம் என்று தெரிய வேண்டாமா? சலூனில் முடிவெட்டிக்கொண்டே மசோதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், ஷரத்து என்றால் என்ன, திருத்தம் என்றால் என்ன என்று சென்னியப்பனை நச்சரித்தார்கள். அவரும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் படியெடுத்துப் புளியமரத்தில் ஒட்டினார். மனிதருக்குப் பத்து வயது குறைந்துபோயிற்று.

முதல் கூட்டத்தொடர் முடிந்தபோது கணக்குப் பார்த்ததில் வாக்கெடுப்பு நாட்களில் பாதிக்குமேல் மஞ்சள். ஊர் கொதித்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு எங்கே சுற்றுகிறான் இந்த மாரப்பன் என்று கேட்டார்கள். மஞ்சள் நாட்களை ஒவ்வொன்றாகச் சென்னியப்பன் தேதியோடு படிக்க, கூட்டத்தில் சத்தம் குறைந்துகொண்டே போனது. ஒரு மஞ்சள் நாள் காளியண்ணன் வீட்டுக் காதுகுத்து, எம்.பி. வந்தால்தான் ஆச்சு என்று காரை அனுப்பிக் கூட்டிவந்தது. ஒரு மஞ்சள் நாள் ஜெராக்ஸ் கடைக்காரர் புதுமனை புகுவிழா. ஒன்று மஞ்சள் நீராட்டு, ஒன்று கல்யாண ரிசப்ஷன், இன்னொன்று பெட்ரோல் பங்க் திறப்பு. மயிலாத்தாளே ஒரு சீருக்கு அவனை இழுத்துவந்து பந்தியில் உட்காரவைத்திருந்தாள். கூட்டம் கலைந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதன்பிறகு மேட்டுக்கடையூர் விசேஷப் பத்திரிகைகளில், “எம்.பி. அவர்கள் சபைக்குச் செல்லவேண்டியிருப்பதால் அழைக்கப்படவில்லை” என்று அச்சடிப்பது மரியாதையாகிவிட்டது.

இவ்வளவும் மாரப்பனுக்குத் தெரியாது. தெரிந்தால் நடிக்க ஆரம்பித்துவிடுவான் என்று ஊரே ஒற்றுமையாக வாயை மூடிக்கொண்டது. ரகசியம் காக்கத் தெரியாத ஊர் என்று பெயரெடுத்த ஊர் அது.

அடுத்த மழைக்காலக் கூட்டத்தில், கிராமத்துப் பால் சங்கங்களையெல்லாம் டெல்லி வாரியம் ஒன்றின்கீழ் கொண்டுபோகிற மசோதா வந்தது. பால் ஊற்றுகிற பெண்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றார்கள். அன்று பொத்தான் இல்லை, குரல் வாக்கெடுப்பு. சபாநாயகர் கேட்பார், ஆமென்பவர்கள் ஆமென்று கத்துவார்கள், இல்லையென்பவர்கள் இல்லையென்று கத்துவார்கள், ஆமென்றவர்கள் ஜெயித்தார்கள் என்று அவர் அறிவித்து முடித்துவிடுவார். யார் என்ன கத்தினார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. சாயங்காலம் மாரப்பன் போன் பண்ணினான்.

“அக்கா, நம்ம பொம்பளைங்ககிட்ட சொல்லிப்போடுங்க. நான் இல்லைன்னுதான் சொன்னேன்.”

அவள் கையில் கரண்டி இருந்தது, கல்லில் கரு பச்சைப் பசேலென்று இருந்தது. பிறந்தது முதல் அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. அல்லது அவள் கண்டுபிடித்த முதல் பொய். “சரி சாமி” என்று போனை வைத்துவிட்டு, அந்தப் பச்சைக் கருவைக் கரண்டியால் கொத்திக் கலைத்தாள். அவன் கெட்டவன் இல்லை. கட்சிக் கொறடா இப்படித்தான் வாக்களிக்கவேண்டும் என்று உத்தரவு போடுவார், மீறினால் பதவியே போகும் என்று சென்னியப்பன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதெல்லாம் புத்திக்குத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை.

ஏரி மசோதா வந்தே விட்டது. பெரியேரி அதற்குள் மூன்றாவது வருஷத்தையும் வறண்டே முடித்திருந்தது. கொறடா உத்தரவும் எம்.பி.க்களுக்குப் போய்விட்டது என்று டீவியில் சொன்னார்கள். அப்போதுதான் பண்ணைக்காரர் கருப்பணனுக்கு அந்த யோசனை உதித்தது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் அது தோன்றியிருக்காது. புளியமரத்தடியில் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார்.

“கருவோட நெறத்தை மாத்தறது நமக்கென்ன புதுசுங்களா? செண்டுமல்லிப் பூவைக் காயவெச்சுத் தீனில கலந்தா கரு நல்ல மஞ்சளாகுது. மொளகாயக் கலந்தாச் செவக்குது. இவரு இல்லைன்னா முட்டை செவக்குதுன்னா, முட்டை செவந்தா இவரு இல்லைன்னுதானுங்களே சொல்லியாகோணும்?”

கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது, பிறகு கைதட்டியது. “கெடிகாரத்து முள்ளத் திருப்புனா பொழுது சாயுமுங்களா?” என்று மயிலாத்தாள் கேட்டாள். கேட்டவளே மறுநாள் வீட்டிலிருந்த இரண்டு படி வரமிளகாயைப் பண்ணைக்குக் கொடுத்தனுப்பினாள். தம்பி விஷயத்தில் அவளுக்கு முள்ளைத் திருப்பிப் பார்க்கவும் ஆசையாக இருந்தது. பத்து நாள் தொகுதியின் அத்தனை கோழிகளும் மிளகாயும் பீட்ரூட்டும் தின்றன. சந்தையில் வற்றல் கிடைக்காமல் வீடுகளில் மிளகு ரசமாக வைத்துச் சமாளித்தார்கள். எட்டாம் நாளே கரு குங்குமமாகச் சிவந்தது, பிறகு இரவும் பகலும் சிவப்பாகவே இருந்தது. “நேத்தும் முந்தாநேத்தும் டெல்லில மூணு மசோதா போச்சு, மூணுக்கும் இங்க செவப்பு. ஆளுங்கட்சிக்காரர் மூணுக்குமா இல்லைன்னு சொல்லியிருப்பாரு?” என்று சென்னியப்பன் புலம்பினார். அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை.

ஏரி மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மயிலாத்தாள் முட்டையை உடைத்தாள். சிவப்பு. சரவெடி வெடித்தார்கள், அவளைத் தோளில் தூக்காத குறை, கருப்பணனுக்கு மாலை போட்டார்கள். சட்டம் போனால் போகட்டும், நம்ம ஆள் நம்ம பக்கம் நின்றான், அது போதும் என்றார்கள். சாயங்காலம் போன் வந்தது. “அக்கா, நான் இல்லைன்னுதான் சொன்னேன்.” வார்த்தை மாறாமல் பால் சங்கத்துக்குச் சொன்ன அதே பதில். உண்மையைச் சொல்ல இருந்த ஒரே சாட்சிக்கு ஊரே சேர்ந்து மிளகாய் ஊட்டிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிஜச் சிவப்பா, மிளகாய்ச் சிவப்பா, யாரைப் போய்க் கேட்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் ஊருக்கு வந்தான். கடை பூட்டுகிற நேரம், ஆள் இல்லை. அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு சிவப்பு ஆஃப்பாயிலைப் போட்டு முன்னால் வைத்து, கோழிகள் பற்றிய முழுக்கதையையும், டோல்கேட் லாரி முதல் பால் சங்கம் வரை, மிளகாயை மட்டும் விட்டுவிட்டு, மயிலாத்தாள் நிதானமாகச் சொன்னாள். அவன் மனசுக்குள் ஒவ்வொரு மசோதாவாக எண்ணிக்கொண்டிருந்தான் என்பது உதடு அசைவதிலேயே தெரிந்தது.

“ஊருக்கெல்லாம் தெரியுமாக்கா?”

“ஊருக்கு மட்டுமா? கோழிக்கே தெரியும்டா.”

அவன் தட்டைப் பார்த்தபடி, மிகவும் மெதுவாக, “ஏரிக்கு என்னக்கா கலரு வந்துச்சு?” என்று கேட்டான்.

“செவப்பு” என்றாள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். அந்த முகத்தில் சந்தோஷம் வரவில்லை, ஆச்சரியம் வந்தது. அதெப்படி என்று கேட்கிற ஆச்சரியம். இல்லை என்று சொன்னவனுக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? சின்ன வயதில் பாடாத பாட்டுக்குப் பரிசு கொடுத்தபோதும் அவன் இப்படித்தான் விழித்தான். மயிலாத்தாள் குனிந்து அடுப்பை அணைத்தாள்.

“அக்கா, அணைக்காதீங்க” என்றான்.

“நானூறு வாசல்ல சொன்னண்டா.”

“பதவி போயிருமுங்கக்கா.”

“போகும்” என்றாள். “எனக்கு அடுப்பு போச்சு. உனக்கு எது போகோணும்னு நீயே பாத்துக்க.” சொல்லும்போது அழுதாள், அதை அவள் மறைக்கவில்லை.

மறுநாள் குளிர்ந்த அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏனென்று சொன்னாள். ஊர் வெட்கப்பட்டு, கருப்பணனின் மாலையைக் கழற்றி, அன்றே கோழிகளுக்குப் பழைய தீனியைப் போட்டது. பத்து நாளில் கரு மஞ்சளுக்குத் திரும்பியது. சும்மா இருக்கவும் முடியாமல், சட்டத்தை வரிக்கு வரி படித்த சலூன்காரர் கண்டுபிடித்துச் சொன்னபடி, வாய்க்காலைத் தூர்வாரி, பண்ணைக் கிணறுகளிலிருந்து மோட்டார் போட்டு, பெரியேரியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். கணுக்கால் நனைகிற இடத்தை வறண்டது என்று எழுத எந்த அதிகாரிக்கும் பேனா வராது. அந்த நேரத்தில்தான் மாநிலங்களவை ஒரு திருத்தம் செய்து மசோதாவை மக்களவைக்கே திருப்பி அனுப்பியது. மறுபடி வாக்கெடுப்பு. அதே மாரப்பன், அதே கொறடா.

அன்று மதியம் புளியமரத்தடியில் நிற்க இடமில்லை. அடுப்பு எரியாததால் மயிலாத்தாள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துவைத்தாள். சென்னியப்பன் செல்போனைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி, “கேக்கறாரு... கத்தறாங்க... முடிஞ்சுது” என்று கையை இறக்கினார். அவள் முட்டையை எடுத்தாள். உடைக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள்.

சிவப்பு. செம்பருத்திச் சிவப்பு.

யாரும் கைதட்டவில்லை. சூடுகண்ட பூனைகள். கருப்பணன் முன்னால் வந்து, கிண்ணத்தில் மூக்கை வைத்து இழுத்து முகர்ந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “காரமில்லீங்க” என்றார். “சத்தியமாக் காரமில்லீங்க.” கூட்டத்தில் பின்னால் நின்ற பால்காரப் பெண் ஒருத்தி முதலில் விசும்பினாள், பிறகு எல்லாரும். மயிலாத்தாள் கிண்ணத்தைக் கையில் ஏந்திப் பச்சைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு “இல்லை” அதில் மிதந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளர். வேறு தொகுதிக்காரர், ஆனால் காதில் ஏதோ விழுந்து வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. சபையில் சத்தத்தோடு சத்தமாக மாரப்பன் என்ன கத்தினான் என்று டெல்லியில் ஒருவருக்கும் நிச்சயமில்லையாம், நிச்சயப்படுத்திக்கொள்ள ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

“இங்க ஆஃப்பாயில் நல்லாருக்குமாமே” என்றார், சிரித்துக்கொண்டே. “ஒண்ணு போடுங்கம்மா. கரு உடையாம.”

ஊரே கிண்ணத்தைப் பார்த்தது. மயிலாத்தாள் அதை அப்படியே உயர்த்தி ஒரே மடக்கில் குடித்தாள். அந்த நிமிஷமே ஜெராக்ஸ் கடைக்காரர் மிச்ச அட்டையை எடுத்துக் கடைக்குள் வைத்துப் பூட்டினார். பண்ணை லாரிகள் எல்லையைத் தாண்டி மஞ்சளாக மாறிக்கொள்ள ஹாரன் அடித்துப் பறந்தன. வீடுகளுக்கு ஆட்கள் ஓடி, உடைத்த முட்டையையெல்லாம் உடனே தின்று தீர்க்கச் சொன்னார்கள்.

“மன்னிச்சுக்கோங்க, இன்னிக்குக் கிருத்திகைங்க” என்றார் சென்னியப்பன். “ஊர்ல ஒருத்தரும் முட்டை தொடறதில்ல.”

செயலாளர் மயிலாத்தாளின் வாயோரத்தையே பார்த்தார். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“உங்க தம்பி உள்ள என்னம்மா சொன்னாரு?”

மயிலாத்தாள் தீக்குச்சியைக் கிழித்து, குனிந்து அடுப்பைப் பற்றவைத்து, பால் சட்டியைத் தூக்கி வைத்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் அடங்கவில்லை.

“உக்காருங்க, டீ போடறேன்” என்றாள். “டெல்லில பேசறது இங்க எங்கீங்க கேக்குது?”